எண்ணெய் குடித்த வெண்கலம்: நுண்துளைப் புஷ்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தானே எண்ணெயிட்டுக்கொள்ளும் புஷ் என்பது என்ன?

பழைய மேசை மின்விசிறி ஒன்றின் மோட்டாரைப் பிரித்துப் பார்த்தால், சுழலும் தண்டின் இரு முனைகளையும் தாங்கியபடி, சுண்டுவிரல் நுனி அளவில் செம்பழுப்பு நிற வளையங்கள் இருப்பதைக் காணலாம். பழுது பார்ப்பவர்கள் இதைப் புஷ் என்பார்கள். கண்ணுக்கு இது முழுக்கெட்டியான உலோகமாகத் தெரிந்தாலும், இதன் கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உலோகமே அல்ல. ஒன்றோடொன்று இணைந்த நுண்ணிய துளைகள்தாம். அந்தத் துளைகள் முழுவதிலும் எண்ணெய் நிறைந்திருக்கும். புதிய புஷ் ஒன்றின் மேல் தீக்குச்சிச் சூட்டைக் காட்டினால், மேற்பரப்பு வியர்ப்பது போல் எண்ணெய் முத்து முத்தாக அரும்புவதைப் பார்க்கலாம்.

‘தானே எண்ணெயிட்டுக்கொள்ளும்’ என்ற பெயர் சிறிது மயக்கம் தருவது. புஷ் எண்ணெயை உண்டாக்குவதில்லை. தொழிற்சாலையில் ஒரு முறை குடித்ததை வைத்துக்கொண்டு, தண்டு சுழலும்போது வெளியே விட்டு, நின்றதும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. கீழே வரும் பதில்களில் பெரும்பாலானவை, இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு வழியான துளைகளைத் திறந்தபடி வைத்திருப்பது பற்றியவையே.

கெட்டியான உலோகத்தில் துளைகள் எப்படி வருகின்றன?

உலோகத்தை உருக்கி வார்த்தால் துளை வராது. வந்தால் அது குறைபாடு. இங்கே உலோகத்தை உருக்காமல் தூளாகவே எடுத்துக்கொள்கிறார்கள். செம்புத் தூள் 90 பங்கு, வெள்ளீயத் தூள் 10 பங்கு என்பது வழக்கமான கலவை. இதைப் புஷ்ஷின் வடிவிலுள்ள அச்சில் இட்டு அழுத்தும்போது, கையாளும் அளவுக்கு உறுதியான, ஆனால் எளிதில் நொறுங்கிவிடும் வளையம் கிடைக்கிறது. அதனை ஆக்சிஜன் புகாத உலையில் 800 முதல் 850 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். செம்பு உருகுவதற்கு 1085 டிகிரி வேண்டும் என்பதால் வளையம் உருக்குலைவதில்லை. துகள்கள் தொடும் இடங்களில் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டி வளர்கின்றன. இதற்குச் சிண்டரிங் என்று பெயர்.

இதில் வெள்ளீயத்தின் பங்கு சுவையானது. அது 232 டிகிரியிலேயே உருகிச் சுற்றியுள்ள செம்புக்குள் ஊடுருவி வெண்கலமாகிவிடுகிறது. அது முன்பு இருந்த இடம் வெற்றிடமாக நிற்கிறது. ஆகவே, துகள்களுக்கு இடையே இயல்பாக இருந்த இடுக்குகளோடு, கரைந்து போன வெள்ளீயம் விட்டுச்சென்ற துளைகளும் சேர்ந்துகொள்கின்றன. பிறகு வளையத்தை மீண்டும் ஓர் அச்சில் அழுத்தி அளவைத் துல்லியமாக்கி, வெற்றிடத் தொட்டியில் துளைகளிலுள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றி, அந்த இடத்தில் எண்ணெயைப் புகவிடுகிறார்கள்.

மொத்தக் கன அளவில் துளைகளின் பங்கு சுமார் 10 சதவீதத்துக்கும் கீழே போனால் அவை ஒன்றோடொன்று தொடர்பற்ற தனித்தனிக் குமிழ்களாக மூடிக்கொள்ளும். உள்ளே எண்ணெய் போகவும் முடியாது, வரவும் முடியாது. 30 சதவீதத்தைத் தாண்டினால் வளையம் வலுவிழக்கும். எனவேதான் இவ்வகைப் புஷ்கள் பெரும்பாலும் 18 முதல் 25 சதவீதத் துளைகளுடன் செய்யப்படுகின்றன. மண்பானையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்: நன்கு மெருகேற்றி மூடிய பானையில் நீர் கசியாது, குளிரவும் செய்யாது; துளைகள் ஒன்றோடொன்று இணைந்த பானைதான் வியர்த்துக் குளிரும்.

ஒரு சிறு புஷ்ஷில் எவ்வளவு எண்ணெய் இருக்கும்? அது போதுமா?

உள் விட்டம் 10 மி.மீ., வெளி விட்டம் 16 மி.மீ., நீளம் 16 மி.மீ. கொண்ட ஒரு புஷ்ஷை எடுத்துக்கொள்வோம். இதன் கன அளவு ஏறத்தாழ 1,960 கன மி.மீ. அதில் ஐந்தில் ஒரு பங்கு துளை என்றால், எண்ணெய் சுமார் 390 கன மி.மீ., அதாவது 0.4 மில்லிக்குச் சற்றுக் குறைவு. சொட்டுக் கணக்கில் பத்துக்கு முன்பின்.

இது மிகக் குறைவாகத் தோன்றலாம். ஆனால் தேவை எவ்வளவு என்பதைப் பார்க்க வேண்டும். தண்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையே சுற்றிலும் 0.01 மி.மீ. இடைவெளி இருந்தால், அந்த இடைவெளி முழுவதையும் நிரப்ப 5 கன மி.மீ. எண்ணெய் போதும். அப்படியானால் கையிருப்பு தேவையைப் போல் எழுபது, எண்பது மடங்கு. வெளியே வந்த எண்ணெய் வழிந்தோடாமல் மீண்டும் உள்ளே செல்லும் வரை, இந்தக் கையிருப்பு ஆண்டுக்கணக்கில் தாங்குவதில் வியப்பில்லை.

எண்ணெய் வெளியே வருவதும் உள்ளே திரும்புவதும் எவ்வாறு நடக்கிறது?

மூன்று காரணங்கள் ஒன்றன் மேல் ஒன்றாகச் செயல்படுகின்றன. பலர் முதல் காரணத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள்.

முதலாவது வெப்ப விரிவு. தண்டு சுழலத் தொடங்கியதும் உராய்வினால் புஷ் சூடாகிறது. கனிம எண்ணெய் (பெட்ரோலியத்திலிருந்து எடுப்பது) ஒவ்வொரு டிகிரிக்கும் தன் கன அளவில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஏழு பங்கு விரிகிறது. வெண்கலம் விரிவதோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மேலே கண்ட புஷ் 40 டிகிரி சூடேறினால், துளைகளுக்குள் இடம் போதாமல் சுமார் 10 கன மி.மீ. எண்ணெய் வெளியே தள்ளப்படும். இடைவெளியை நிரப்பத் தேவையானது 5 கன மி.மீ.தான் என்பதை நினைத்துப் பார்த்தால், வெப்பம் ஒன்றே தேவையைப் போல் இரு மடங்கைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது என்பது விளங்கும்.

இரண்டாவது சுழலும் தண்டின் இறைப்பு. பாரத்தினால் தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தே சுழலும். அந்தப் பக்கத்தில் எண்ணெய் குறுகிய இடுக்கினுள் இழுத்துச் செல்லப்பட்டு அழுத்தம் கூடுகிறது. எதிர்ப் பக்கத்தில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் மிகுந்த இடத்தில் எண்ணெய் புஷ்ஷின் சுவருக்குள் புகுந்து, துளைகளின் வழியே சுற்றிச் சென்று, அழுத்தம் குறைந்த இடத்தில் மீண்டும் வெளியே வருகிறது. புஷ்ஷின் சுவரே எண்ணெய்க் குழாயாகிவிடுகிறது என்று சொல்லலாம். இந்தச் சுற்றோட்டத்தைக் கணித அடிப்படையில் முதலில் தெளிவாக வகுத்தவர்களுள் வி. டி. மார்கனும் ஏ. கேமரனும் குறிப்பிடத்தக்கவர்கள், அவர்களது ஆய்வு 1957-இல் வெளிவந்தது.

மூன்றாவது நுண்புழை ஈர்ப்பு. விளக்குத் திரியில் எண்ணெய் தானே மேலேறுவதற்குக் காரணமான அதே விசைதான் இது. புழை எவ்வளவு நுண்ணியதோ அவ்வளவு வலுவாக இழுக்கும். 10 மைக்ரான் (0.01 மி.மீ.) விட்டமுள்ள துளை ஒன்று எண்ணெயை இழுக்கும் அழுத்தம், ஏறத்தாழ 1.4 மீட்டர் உயர எண்ணெய்த் தம்பத்தைத் தாங்கும் அளவு. தண்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையேயுள்ள இடைவெளியும் 10 மைக்ரான்தான் என்றாலும், அது இரு பக்கங்களிலிருந்து மட்டும் இழுக்கிறது, துளையோ சுற்றிலுமிருந்து இழுக்கிறது. ஆகவே துளையின் இழுப்பு இரு மடங்கு. தண்டு நின்று புஷ் குளிரும்போது இந்தப் போட்டியில் துளையே வெல்கிறது. எண்ணெய் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. இடைவெளியில் மெல்லிய படலம் மட்டும் அடுத்த தொடக்கத்துக்காக மிஞ்சுகிறது.

இதை முதலில் செய்தவர் யார்?

ஒருவரைச் சுட்டிச் சொல்வது கடினம். உலோகத் தூளிலிருந்து தாங்கிகள் (புஷ் போலத் தண்டைத் தாங்கும் பாகங்கள்) செய்வதற்கான அமெரிக்கக் காப்புரிமை ஒன்றைச் சாமுவேல் க்வின் 1870-இலேயே பெற்றார். அவருடையது பெரும்பகுதி வெள்ளீயத் தூள். இன்றுள்ள வெண்கலப் புஷ்ஷுக்கு நெருங்கிய வடிவம் 1910-களில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் உருவாயிற்று. வெண்கலத் துளைகளில் கிராஃபைட்டையும் (பென்சிலில் உள்ள வழவழப்பான கரி) எண்ணெயையும் சேர்த்து வைக்கும் முறை அது. 1920-களிலும் 1930-களிலும் அமெரிக்க மோட்டார் வாகனத் தொழில் இதனைப் பெருமளவில் கையிலெடுத்தது. கிரைஸ்லர் நிறுவனம் ‘ஆயிலைட்’ என்ற வணிகப் பெயரில் விற்ற புஷ்கள் அப்போது பரவியவை. அந்தப் பெயர் இன்றும் பல நாடுகளில் பொதுப்பெயர் போலவே வழங்குகிறது. எண்ணெய்க் குவளையோடு ஓர் ஆள் எட்ட முடியாத இடங்கள் காருக்குள் ஏராளம் என்பதே இந்த ஆர்வத்துக்குக் காரணம்.

எவ்வளவு பாரத்தையும் வேகத்தையும் தாங்கும்?

தண்டு புஷ்ஷின் மேல் தரும் அழுத்தத்தையும், அதன் மேற்பரப்பு வேகத்தையும் பெருக்கி வரும் எண்ணே இங்கு அளவுகோல், பட்டறையில் பி.வி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 90-க்கு 10 வெண்கலத்துக்கு இந்த எல்லை சுமார் 1.75 (அழுத்தத்தை மெகாபாஸ்கலிலும் வேகத்தை வினாடிக்கு மீட்டரிலும் கொண்டால்). மேலே சொன்ன 10 மி.மீ. புஷ்ஷில் தண்டு நிமிடத்துக்கு 1,400 சுற்றுச் சுழன்றால் மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 0.73 மீட்டர். இரண்டு கிலோ எடையை அந்தப் புஷ் தாங்குவதாகக் கொண்டால் பெருக்கம் 0.09 அளவிலேயே நிற்கும். எல்லையில் இருபதில் ஒரு பங்கு. மின்விசிறிகளுக்கு இப்புஷ்கள் ஏன் இவ்வளவு பொருந்துகின்றன என்பதற்கு இந்தக் கணக்கே விடை. எல்லை வரை ஏற்றலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். அதில் பாதிக்கும் கீழே வைத்திருப்பதே நல்ல வடிவமைப்பு.

தாராளமாக எண்ணெய் பாயும் கெட்டி வெண்கலப் புஷ் இதைவிட மிக அதிகமான பாரத்தைத் தாங்கும் என்பதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். துளைகளின் வழியே அழுத்தம் கசிந்துவிடுவதால், நுண்துளைப் புஷ்ஷில் தண்டு முழுமையாக எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதப்பது அரிது. ஆங்காங்கே உலோகம் உலோகத்தைத் தொட்டபடியே ஓடும். எண்ணெயிடும் வேலை வேண்டாம் என்ற வசதிக்கு நாம் தரும் விலை அது. மெதுவாக முன்னும் பின்னும் அசையும் கீல்களில் இறைப்பும் நடக்காது, வெப்பமும் எழாது. அங்கே கிராஃபைட் கலந்த வகையே ஏற்றது.

இரும்புத் தூளில் செய்த புஷ்கள் மலிவாகக் கிடைக்கின்றனவே?

கிடைக்கின்றன. வலுவும் அதிகம். ஆனால் துரு பிடிக்கும், தண்டு கடினமாக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஈரமில்லாத இடத்தில், குறைந்த வேகத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பொருத்தும்போது எதைச் செய்யக் கூடாது?

சுத்தியலால் நேரடியாக அடிக்கக் கூடாது. அளவான மேண்ட்ரல் (உட்துளையில் சரியாகப் பொருந்தும் உருளைக் கம்பி) ஒன்றைச் செருகி, நேராக அழுத்தியே ஏற்ற வேண்டும். பலர் செய்யும் பெரிய தவறு இதற்குப் பிறகுதான் வருகிறது: தண்டு இறுக்கமாக இருக்கிறது என்று ரீமரை (துளையைச் சீவிப் பெரிதாக்கும் கருவி) விடுவது, அல்லது எமரித் தாளால் உட்புறத்தைத் தேய்ப்பது. வெண்கலம் மென்மையானது. மழுங்கிய கருவி அதை வெட்டுவதற்குப் பதில் இழுத்துப் பூசிவிடும். துளைகளின் வாய் அடைபடும். பார்ப்பதற்கு உட்புறம் பளபளவென்று அழகாக இருக்கும். அந்தப் பளபளப்பைக் கண்டு மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. உள்ளே எண்ணெய் முழுவதும் இருந்தும் தண்டு வறண்டு ஓடும். எமரித் துகள் துளைகளில் தங்கிவிட்டால், புஷ் தண்டையே அரம் போல் ராவத் தொடங்கும். கட்டாயம் கடைய வேண்டியிருந்தால், கூரான கார்பைடு முனையால் லேத்தில் மெல்லிய வெட்டாகக் கடையலாம். சொரசொரப்பான தண்டும் இதே பூச்சு வேலையைச் செய்யும் என்பதால், தண்டை வழவழப்பாக்கிய பிறகே பொருத்த வேண்டும்.

புதிய புஷ்களைச் செய்தித்தாளில் பொதிந்து வைக்கலாமா?

வைக்கக் கூடாது. இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் காகித நார்களுக்கு இடையிலும் நுண்புழைகள் இருக்கின்றன. அவையும் எண்ணெயை இழுக்கும். சில மாதங்கள் அட்டைப்பெட்டியிலோ மரத்தட்டிலோ கிடந்த புஷ், பொருத்தப்படும் நாளிலேயே பாதி வறண்டதாக இருக்கக் கூடும். பிளாஸ்டிக் உறையிலோ மூடியுள்ள தகர டப்பாவிலோ வைப்பதே சரி. அதே காரணத்தால் பெட்ரோல், மண்ணெண்ணெய், தின்னர் ஆகியவற்றில் கழுவவும் கூடாது. அவை துளைகளுக்குள் புகுந்து எண்ணெயைக் கரைத்துக் கொண்டு வந்துவிடும். தூசி படிந்திருந்தால் எண்ணெய் நனைத்த, நார் உதிராத துணியால் துடைத்தாலே போதும்.

மின்விசிறி மெதுவாகச் சுற்றுகிறது. தேங்காய் எண்ணெய் விடலாமா?

நம் வீடுகளில் கைக்கு முதலில் எட்டுவது அதுதான் என்பதால் இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. விட்டவுடன் மின்விசிறி நன்றாகவே ஓடும். குறை பிறகுதான் தெரியும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி அளவில் உறையத் தொடங்குகிறது. மார்கழிக் காலையில் துளைகளுக்குள் அது எண்ணெயாக இருக்காது. நல்லெண்ணெய் உறையாது; ஆனால் சூட்டிலும் காற்றிலும் பிசினாகி ஒட்டிக்கொள்ளும். துரு நீக்கும் ஸ்பிரேக்களில் பெரும்பகுதி கரைப்பான்தான். கீச்சொலி நின்றுவிடும், கூடவே இருந்த எண்ணெயும் கரைந்து போகும்.

கிரீஸ் குறித்தும் எச்சரிக்கை வேண்டும். கிரீஸ் என்பது சோப்பு போன்ற கெட்டிப் பொருளில் எண்ணெயைப் பிணைத்து வைத்தது; அந்தக் கெட்டிப் பொருள் துளைகளின் வாயில் தங்கி அடைத்துவிடும். ஏற்றது, கழுவும் சேர்க்கைப் பொருள்கள் இல்லாத தூய கனிம எண்ணெய். ஐஎஸ்ஓ விஜி 68 தர (எண்ணெயின் பிசுக்குமையைக் குறிக்கும் எண்) டர்பைன் எண்ணெய் பல மோட்டார்களுக்குப் பொருந்தும். தையல் இயந்திர எண்ணெய் தூய்மையானதுதான், ஆனால் மிக மெல்லியது. அவசரத்துக்கு ஓரிரு சொட்டு விடலாம். மோட்டாரில் புஷ்ஷைச் சுற்றி ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) வளையம் இருந்தால், சொட்டுகளைத் தண்டின் மேல் விடாமல் ஃபெல்ட்டில் விடுவது நல்லது. அது இரண்டாவது தொட்டி. வெளிப்புறத்திலிருந்து புஷ்ஷுக்கு மெதுவாக ஊட்டும்.

வறண்ட புஷ்ஷுக்கு மீண்டும் எண்ணெய் ஊட்ட முடியுமா?

முடியும், துளைகள் பிசினால் அடைபடாதவரை. புஷ்ஷை ஒரு சிறு கிண்ணத்து எண்ணெயில் முழுவதும் மூழ்கவைத்து, அந்தக் கிண்ணத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்தலாம். எண்ணெயை நேரடியாக அடுப்பில் வைப்பது ஆபத்து. சூடேறும்போது துளைகளிலுள்ள காற்று விரிந்து குமிழ்களாக வெளியேறும். குமிழ்கள் நின்ற பிறகு எண்ணெயிலேயே முழுவதும் ஆறவிட வேண்டும். இந்த ஆறவிடுதல்தான் முக்கியம்: மிச்சமிருக்கும் காற்று சுருங்கும்போது எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. சூடாக இருக்கும்போதே வெளியே எடுத்தால், எண்ணெய்க்குப் பதிலாகக் காற்றையே உள்ளே அழைத்ததாகிவிடும். வெற்றிடத் தொட்டியில் ஏற்றியதற்கு இது ஈடாகாது. உட்புறம் கறுத்துப் பிசுபிசுப்பாக இருந்தாலோ, தண்டு ஆடும் அளவுக்குத் தேய்ந்திருந்தாலோ, இந்தப் பாடெல்லாம் வீண். புதிய புஷ்ஷின் விலை மிகக் குறைவு.

எத்தனை ஆண்டுகள் உழைக்கும்?

ஆண்டுக்கணக்கை விடச் சூட்டின் கணக்கே பயனுள்ளது. வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் கனிம எண்ணெயின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது என்பது பொறியாளர்களின் நடைமுறை விதி. 50 டிகிரியில் ஓடும் புஷ்ஷுக்கும் 80 டிகிரியில் ஓடும் புஷ்ஷுக்கும் இடையே எட்டு மடங்கு வேறுபாடு. காற்றுவழி அடைபட்டுச் சூடேறும் மோட்டார் சீக்கிரம் கீச்சிடுவதற்கு இதுவே காரணம். 90 டிகிரியைத் தாண்டி இடைவிடாமல் ஓட வேண்டுமானால் செயற்கை எண்ணெய் ஏற்றிய வகை தேவை.

பழக்கிய தோசைக்கல்லும் இதே போல் எண்ணெயைச் சேமித்து வைக்கிறதா?

இல்லை. வார்ப்பிரும்புக் கல் எண்ணெயைக் குடிப்பதாகச் சொல்வது வழக்கமே தவிர, அங்கே நடப்பது வேறு. சூட்டில் எண்ணெய் இறுகி, கெட்டியான மெல்லிய படலமாக மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. புஷ்ஷில் நடந்தால் பழுது என்று சொல்லும் அதே பிசின் மாற்றத்தைத்தான் தோசைக்கல்லில் நாம் பழக்கம் என்று விரும்பிச் செய்கிறோம்.

மரத்தில் இப்படி ஏதாவது உண்டா?

உண்டு, உலோகப் புஷ்ஷுக்கு மூத்தது அது. மேற்கிந்தியத் தீவுகளிலும் அதை ஒட்டிய அமெரிக்கக் கரைகளிலும் வளரும் லிக்னம் வைட்டே என்ற மரம் நீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது. அதன் நார்களுக்குள் வழவழப்பான பிசின் நிறைந்திருக்கும். உராயும்போது அந்தப் பிசின் மேற்பரப்புக்குக் கசிந்து வரும். ஆங்கிலேயக் கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசன், 1722 அளவில் பிராக்கில்ஸ்பி பார்க் மாளிகைக்குச் செய்த கோபுரக் கடிகாரத்தில் இந்த மரத்தைப் பயன்படுத்தி எண்ணெயே தேவைப்படாதபடி அமைத்தார். அக்காலத்து எண்ணெய்கள் இறுகிக் கடிகாரங்களை நிறுத்திவிடும் என்பதால், எண்ணெயைச் சீராக்குவதற்குப் பதிலாக எண்ணெயையே ஒதுக்கிவிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நீராவிக் கப்பல்களின் உந்துதண்டுகளை இந்த மரத் தாங்கிகள் கடல்நீரிலேயே தாங்கின; முதல் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலான நாட்டிலஸ்கூட இதையே கொண்டிருந்தது. அளவுக்கு மீறி வெட்டப்பட்டதால் இன்று இம்மரத்தின் பன்னாட்டு வணிகம் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது.

விண்கலங்களில் இவை பயன்படுகின்றனவா?

பயன்படுகின்றன, ஆனால் வேறு வடிவில். விண்கலத்தின் திசையை நிலைநிறுத்தும் சுழல்சக்கரங்களில் பந்துத் தாங்கிகளே உள்ளன. பந்துகளை இடைவெளி விட்டுப் பிடித்து வைக்கும் கூண்டு மட்டும், பருத்தித் துணியை ஃபீனாலிக் பிசினில் ஊறவைத்துச் செய்ததாகவோ, பாலிஇமைடு என்னும் நுண்துளைப் பிளாஸ்டிக்காலானதாகவோ இருக்கும். அதில் எண்ணெய் ஏற்றப்பட்டிருக்கும். வெற்றிடத்தில் சாதாரண எண்ணெய் ஆவியாகிவிடும் என்பதால், மிகக் குறைந்த ஆவியழுத்தமுள்ள செயற்கை எண்ணெய்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பொருத்துவதற்கு முன் கூண்டு எண்ணெயால் நன்கு நிறைவுற்றதா என்று பார்ப்பது இங்கே மிக முக்கியம்: பசியோடிருக்கும் கூண்டு, பந்துகளின் மேலுள்ள எண்ணெயையே உறிஞ்சிக்கொள்ளும்.

நம் உடல் மூட்டுகளும் இவ்வாறு செயல்படுவதாகச் சொல்வது உண்மையா?

பெருமளவுக்கு உண்மை. எலும்பு முனைகளை மூடியுள்ள குருத்தெலும்பு, பெரும்பகுதி நீர் நிறைந்த ஒரு நுண்துளைப் பொருள். சார்லஸ் மக்கட்சன் 1959-இல் இதைக் கசிந்து உயவும் தாங்கி என்று விளக்கினார். பாரம் விழும்போது துளைகளுக்குள் அடைபட்ட நீரே பாரத்தின் பெரும்பகுதியைச் சுமக்கிறது. திடப் பகுதிகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் சிறு பங்கே விழுவதால் உராய்வு மிகக் குறைவு. வெண்கலப் புஷ்ஷின் துளைகள் மைக்ரான் அளவின. குருத்தெலும்பின் துளைகளோ நானோமீட்டர் அளவின. அதனால் நீர் மிக மெதுவாகவே பிழிந்து வெளியேறுகிறது. வெகுநேரம் அசையாமல் நின்றால் அந்த நீர் சிறிது சிறிதாக வெளியேறிவிடும். பாரத்தை எடுத்துவிட்டாலோ, காலை மாற்றி மாற்றி அசைத்தாலோ, குருத்தெலும்பு வீங்கித் தன் நீரைத் திரும்பக் குடித்துக்கொள்கிறது.